சிறு விமானத்துக்கேற்ற வழிகாட்டிக் கருவி

உத்தியோகத்தின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வந்து பிற மாநிலங்களில் குடியமர்ந்த நம்மவர் இல்லங்களில் ஒரு காலத்தில் ரயில்வேயைப் பற்றியும், தபால் இலாகாவைப் பற்றியும், கணக்குத் தணிக்கை அலுவலகத்தைப் பற்றியுமே பேச்சு நிகழும். இன்று பாராமதி, கோந்தியா, ஃபுர்சத்கஞ்ச், ஜக்கூர் என்னும் பெயர்களும் அப்பேச்சில் கலந்துவிட்டன. இவை யாவும் விமானப் பயிற்சி நிலையங்கள் அமைந்த ஊர்கள். அங்கே மகனையோ மகளையோ அனுப்பியுள்ள பெற்றோரும், நண்பர்கள் சிலர் கூடிப் பழைய சிறு விமானம் ஒன்றைப் பங்குக்கு வாங்க எண்ணுவோரும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. விமானியறையில் வைத்துக்கொள்ள ஜி.பி.எஸ். என்னும் வழிகாட்டிக் கருவி வேண்டும். அதனை அதிகப் பணம் செலவிடாமல் வாங்குவது எங்ஙனம்? இக்கேள்வியையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

கருவி வேலை செய்யும் முறையை முதலில் சுருங்கக் காண்போம். பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருபத்துநான்குக்குக் குறையாத அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் உண்டு. ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் தன் கடிகாரம் காட்டும் நேரத்தையும் ஓயாது ஒலிபரப்புகின்றது. அவ்வலை நம்மை வந்தடைய எடுத்துக்கொண்ட காலத்தைக் கொண்டு கருவி தூரத்தைக் கணக்கிடுகின்றது. ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரம் 300 மீட்டர் பிசகிவிடும். விமானியின் கையிலுள்ள கருவியில் அணுக்கடிகாரம் இல்லை. ஆகையால் இடத்தைக் காண மூன்று செயற்கைக்கோள்களும், கருவியின் கடிகாரப் பிழையைத் தீர்க்க நான்காவது ஒன்றும் வேண்டும்.

இராணுவத்துக்கென வகுக்கப்பட்ட இவ்வமைப்பு பொதுமக்கள் கைக்கு வந்ததற்கு ஒரு பெருந்துயரும் காரணமாயிற்று. 1983 செப்டம்பர் முதல் தேதியன்று தென்கொரியப் பயணிகள் விமானம் ஒன்று வழிதவறிச் சோவியத் எல்லைக்குள் புகுந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் மாண்டனர். அதனையடுத்தே, அமைப்பு முற்றுப்பெறும்போது உலக விமானங்கள் யாவும் அதனைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அமெரிக்க அதிபர் ரீகன் அரசு அறிவித்தது. 1995-இல் அமைப்பு முழுமை பெற்றது. பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே கலக்கப்பட்டு வந்த பிழையும் 2000 மே மாதத்தில் நீக்கப்பட்டது. அன்று முதல் ஒரு சாதாரணக் கைக்கருவியும் சில மீட்டர் அளவுக்குச் சரியாக இடத்தைச் சொல்லும்.

இங்கேதான் வாங்குபவர் மயங்குகின்றார். ‘ஆயிரக்கணக்கில் விலையுள்ள கைக்கருவியும் இதே இடத்தைக் காட்டுகின்றது, லட்சக்கணக்கில் விலையுள்ள கருவியும் அதே இடத்தைக் காட்டுகின்றது. பின் ஏன் அதிகம் கொடுக்க வேண்டும்?’ என்று கேட்கின்றார். நியாயமான கேள்வி. இதற்கு விடை காண இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். நாம் கலை பயின்று மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்கள். ஆதலின் சொற்களில் சற்றே நின்றுவிட்டால் நேயர்கள் பொறுத்தருள்க. முதற்சொல் துல்லியம். காட்டும் இடம் உண்மையான இடத்துக்கு எவ்வளவு நெருங்கியது என்பதே அது. இரண்டாம் சொல்லை விமானத் துறையினர் இன்டெக்ரிட்டி என்பர். அகராதியைப் புரட்டினால் நேர்மை, முழுமை என்றெல்லாம் பொருள் கிடைக்கும். நாம் அதனை வாய்மை என்றே சொல்ல விரும்புகின்றோம். தான் காட்டும் இடம் நம்பத்தக்கதாக இல்லாதபோது, ‘இப்போது என்னை நம்பாதே’ என்று கருவி தானே உரிய நேரத்தில் எச்சரிக்குமாயின் அது வாய்மையுள்ள கருவி.

ஒரு செயற்கைக்கோளின் கடிகாரம் பழுதுற்றால் அதுவும் வழக்கம்போல் ஒலிபரப்பிக்கொண்டேயிருக்கும். நான்கு கோள்களை மட்டும் கொண்டு கணக்கிடும் கருவிக்கு அப்பொய் தெரியாது. ஐந்தாவது கோள் ஒன்று கண்ணுக்குள் இருந்தால், விடைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எங்கோ பிழையுள்ளது என்று அறியலாம். ஆறாவதும் இருந்தால், பிழை செய்வது எது என்று கண்டு அதனை நீக்கியும் விடலாம். விமானத்துக்கென அங்கீகாரம் பெற்ற கருவிகளில் இவ்வொப்பீடு இடைவிடாது நடைபெறுகின்றது. சோதித்துச் சான்றளிக்கப்பட்டும் உள்ளது. கைக்கருவிகளுக்கு அத்தகைய சான்று கிடையாது. விலை வேற்றுமையில் பெரும்பங்கு இதற்கே உரியது.

ஆகவே வாங்குமுன் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றே: மேகத்துக்குள் பறக்கப் போகின்றோமா, வெளியே பறக்கப் போகின்றோமா? செஸ்னா 172 போன்ற சிறு விமானம் நிமிடத்துக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் செல்லும். வெளியே, கண்ணால் தரையைப் பார்த்துப் பறப்பவருக்குக் கருவி பொய் சொன்னால் ஆறும் ரயில் பாதையும் மலையும் அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். மேகத்துக்குள் அவ்விதச் சாட்சி கிடையாது. மலிவான கருவியால் வரும் கேடு பெரும்பாலும் கருவி பழுதாவதால் வருவதன்று. அழகிய வண்ணப் படத்தில் தம் விமானமும் மலையும் தெளிவாகத் தெரிவதைக் கண்டு, உள்ளே நுழையத் தகுதியற்ற மேகத்தில் விமானி துணிந்து நுழைந்துவிடுவதால் வருவது.

இனி வகைகளைப் பார்ப்போம். மிக மலிவானது கைப்பேசியும் பலகைக் கணினியும். இவற்றில் விமான வரைபடச் செயலியை ஏற்றிக்கொள்ளலாம். பயிற்சி மாணவருக்கு இதுவே போதும் என்பது நம் கருத்து. ஆயினும் சில நுட்பங்களைக் கவனிக்க வேண்டும. ஐபேட் என்னும் பலகைக் கணினியில் வை-ஃபை மட்டும் உள்ள வகையில் ஜி.பி.எஸ். ஏற்பி கிடையாது, தொலைபேசித் தொடர்புக்கு இடமுள்ள வகையிலேயே உண்டு. இதையறியாது குறைந்த விலை வகையை வாங்கியவர், வெளியிலிருந்து இணைக்கும் சிறு ஏற்பி ஒன்றைப் பின்னர் வாங்க நேரிடும். செயற்கைக்கோள் அலையை ஏற்கத் தொலைபேசித் தொடர்பு வேண்டியதில்லை. ஆனால் வரைபடத்தைத் தரையிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். மற்றொன்று வெப்பம். இக்கணினிகள் 35 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள சூழலுக்கென்று செய்யப்பட்டவை. மே மாதத்து நாகபுரியிலோ ரேபரேலியிலோ கண்ணாடிக் கூண்டினுள் வெயிலில் நிற்கும் விமானியறையின் வெப்பத்தை நாம் சொல்ல வேண்டுமா? வெப்ப எச்சரிக்கையைக் காட்டித் திரை அணைந்துவிடும். அதுவும் பெரும்பாலும் தேவையான வேளையில்தான்.

அடுத்த படியில் நிற்பவை விமானத்துக்கென்றே செய்த கைக்கருவிகள். கார்மின் நிறுவனத்தின் ஏரா 660 இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. 2016-இல் சுமார் 850 டாலர் விலையில் வெளிவந்தது. வெயிலில் படிக்கத்தக்க திரை, தன் மின்கலம், தரையின் மேடுபள்ளங்களைக் காட்டும் விவரத்தொகுதி ஆகியவை இதில் உண்டு. கண்ணால் பார்த்துப் பறப்பவருக்கு இதற்கு மேல் வேண்டியதில்லை. பலகைக் கணினியைக் காட்டிலும் விலை ஏறத்தான் செய்யும். வெயிலையும் அதிர்வையும் தாங்குவதற்கு அவ்வேற்றம் தகும்.

மூன்றாவது வகை, கருவிப்பலகையில் நிலையாகப் பொருத்துவது. மேகத்தில் பறக்கவும், மேகத்தினூடே ஓடுபாதையை நோக்கி இறங்கவும் இது ஒன்றே ஏற்றது. முன்னாளில் இதனை வாங்குவது செல்வர்க்கே இயலும். 2019-இல் அதே நிறுவனம் ஜி.பி.எஸ். 175 என்ற சிறு கருவியை 4,995 டாலருக்கு வெளியிட்டபோது நிலைமை சிறிது மாறிற்று. பேசும் வானொலியும் பழைய தரைநிலைய அலைகளை ஏற்கும் பகுதியும் இதில் இல்லை. வழிகாட்டும் வேலை மட்டுமே செய்யும். விலை குறைந்தமைக்கு அதுவும் காரணம். ஏற்கெனவே நல்ல வானொலி உள்ள விமானத்துக்கு இது மிகப் பொருத்தம். ஆனால் பெட்டியின் விலையோடு செலவு முடிவதில்லை. உணரி, கம்பிகள், திசை விலகலைக் காட்டும் முள், பொருத்துக்கூலி, அங்கீகரிக்கப்பட்ட வரைவு, உரிமம் பெற்ற பொறியாளரின் கையொப்பம், இறக்குமதித் தீர்வை ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்தே ‘மலிவு’ என்று சொல்ல வேண்டும். கூட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிட்டு, விமானத்தைப் பல மாதம் கொட்டகையில் நிறுத்தி வைத்திருப்போர் உண்டு.

பழைய கருவியை வாங்கலாமா என்றும் பலர் கேட்கின்றனர். வாங்கலாம், விழிப்போடு வாங்க வேண்டும். 1998-இல் வெளிவந்த ஜி.என்.எஸ். 430 என்னும் கருவி உலகெங்கும் சிறு விமானங்களில் நிறைந்திருக்கின்றது. அதன் உற்பத்தி நின்றுவிட்டது. உதிரி உறுப்புகள் அருகி வருகின்றன. அதிலும் இரு வகை உண்டு. பெயரின் இறுதியில் ‘டபிள்யூ’ என்ற எழுத்து உள்ளது பிற்கால வகை. செயற்கைக்கோள் வழித் திருத்தத்தை ஏற்கும். அவ்வெழுத்து இல்லாதது ஏற்காது. இதனைத் தகட்டில் பொறித்துள்ள தர எண்ணைக் கொண்டும் அறியலாம்: டி.எஸ்.ஓ. சி-129 என்றிருப்பின் பழையது. சி-145 அல்லது சி-146 என்றிருப்பின் திருத்தம் ஏற்பது.

மிகப் பழைய கருவிகளுக்கு எளிய சோதனை ஒன்றுண்டு. திறந்த வெளியில் அதனை இயக்கி, அது காட்டும் தேதியைப் பாருங்கள். செயற்கைக்கோள்கள் வாரங்களை 1,024 வரை மட்டுமே எண்ணி மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்குகின்றன. 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் இவ்வாறு எண்ணிக்கை திரும்பியது. இதற்கு ஆயத்தமில்லாத கருவி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பின்தங்கிய தேதியைக் காட்டும். தேதி தவறினால் விவரத்தொகுதி காலாவதியாயிற்றா என்பதைக் கருவியால் சொல்ல இயலாது. சில கருவிகள் அதனினும் மோசமாகத் தடுமாறும். விற்பவர் என்ன விலை சொன்னாலும் அதனை விட்டுவிடுதல் நன்று.

மேலே திருத்தம் என்றோமே, அது யாது? நம் நாட்டில் வாங்குபவர் மற்றெவரினும் இதனை நன்கறிதல் அவசியம். பூமியைச் சூழ்ந்த அயனி மண்டலம் செயற்கைக்கோள் அலையைத் தாமதப்படுத்துகின்றது. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கின்றது. 1963 நவம்பரில் நம் முதல் ஆராய்ச்சி ராக்கெட்டை ஏவுவதற்குத் தும்பாவைத் தேர்ந்தமைக்கும் இதுவே காரணம். அக்கோட்டின்மேல் எழும் அயனிகள் வடக்கும் தெற்குமாகச் சரிந்து குவிகின்றன. வடபுறக் குவியல் ஏறத்தாழ அகமதாபாத், போபால், கொல்கத்தா ஆகிய நகரங்கள் அமைந்த பகுதியின் மேல் விழுகின்றது. சூரியன் மறைந்த சில மணி நேரம் அலை நடுங்கி நலிவதும் இப்பகுதிகளில் மிகுதி. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ ஒரு கருவி நன்றாக உழைத்தது என்று அங்குள்ள உறவினர் எழுதினால், அதனை அப்படியே நம் வானுக்குப் பொருத்துதல் கூடாது.

இத்தொல்லையைத் தீர்க்க இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் இந்திய விமான நிலையங்கள் ஆணையமும் கூடி அமைத்ததே ‘ககன்’. நாடெங்கும் 15 தரைநிலையங்கள் பிழையை அளக்கின்றன. பெங்களூரில் கணக்கிட்ட திருத்தமும், எந்தக் கோளை நம்பலாகாது என்னும் எச்சரிக்கையும், நிலைத்த கோள்களின் வழியே விமானங்களுக்கு ஒலிபரப்பப்படுகின்றன. நாம் முன்னர்க் கூறிய வாய்மையை வானிலிருந்தே வழங்கும் ஏற்பாடு இது. 2013 டிசம்பரிலும் 2015 ஏப்ரலிலும் படிப்படியாகச் சான்று பெற்றது. 2022 ஏப்ரலில் இராஜஸ்தானத்துக் கிஷன்கட் நிலையத்தில் இண்டிகோ நிறுவனத்தின் ஏ.டி.ஆர். விமானம் இதனைத் துணைக்கொண்டு இறங்கிற்று. சிறு நிலையங்களில் விலையுயர்ந்த தரைக்கருவி இல்லாமலே மேகத்தினூடே இறங்க இது வழி செய்கின்றது. அமெரிக்கத் திருத்தத்தை ஏற்கும் கருவிகள் ஒரே சர்வதேச நெறியைப் பின்பற்றுவதால் ககனையும் ஏற்கக்கூடும். ஆயினும் அக்குறிப்பிட்ட கருவியின் மென்பொருளில் ககன் இயக்கப்பட்டுள்ளதா என்று எழுத்து மூலம் கேட்டு அறிந்த பின்னரே பணம் செலுத்துக.

உயரத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. செயற்கைக்கோள் கணக்கு பூமியை ஒழுங்கான முட்டை வடிவாகக் கொள்கின்றது. உண்மைக் கடல்மட்டமோ அவ்வடிவோடு ஒட்டுவதில்லை. உலகிலேயே மிகப் பெரும் தாழ்வு இலங்கைக்குத் தெற்கே இந்துமாக்கடலில் உள்ளது. அங்கே வேற்றுமை 106 மீட்டர். சென்னையிலும் அது மிகுதியே. இவ்வேற்றுமையைத் திருத்தாத கருவியை மீனம்பாக்கத்து ஓடுபாதையில் வைத்தால், கடல்மட்டத்துக்கு அறுபது மீட்டருக்கும் கீழே நாம் இருப்பதாகக் காட்டும்! நல்ல கருவிகள் இதனைத் திருத்திவிடுகின்றன. எனினும் விமானங்கள் ஒன்றையொன்று மோதாதிருக்க வகுத்த உயர ஒழுங்கு காற்றழுத்தமானியை அடிப்படையாகக் கொண்டது. ஜி.பி.எஸ். காட்டும் உயரத்தைக் கொண்டு பறத்தலாகாது. (நிலத்தை அளக்கும் கலைக்கு நம் நாட்டில் அடிகோலிய லாம்டன், 1802-இல் தம் முதல் அடிக்கோட்டை அளந்தது மீனம்பாக்கத்தை அடுத்த பரங்கிமலைப் பக்கத்தில்தான் என்பது நினைவுக்கு வருகின்றது.)

கருவி வாங்கிய பின்னும் தொடரும் செலவு விவரத்தொகுதிக்கு உரியது. விமான நிலையங்கள், அலைவரிசைகள், தடைவெளிகள் ஆகியவை உலகெங்கும் 28 நாட்களுக்கு ஒருமுறை குறித்த தேதியில் புதுப்பிக்கப்படுகின்றன. ஆண்டுக்குப் பதின்மூன்று முறை. மேகத்தில் பறப்போர் காலாவதியான தொகுதியை நம்பலாகாது. எனவே சந்தாத் தொகையை முதலிலேயே கேளுங்கள். அத்தொகுதியில் இந்தியா அடங்கியுள்ளதா என்பதையும் உடன் கேளுங்கள். அமெரிக்கக் கண்டத்துக்கென விற்கும் கருவியை மலிவென்று வாங்கிவந்து, அதில் நம் நாட்டு நிலையம் ஒன்றும் இல்லாமை கண்டு வருந்துவோர் உளர்.

கைக்கருவியை எங்கே வைப்பது என்பதும் சிறிய விஷயமன்று. செலுத்துகோலில் மாட்டினால், கோலை முழுதும் இழுத்தும் திருப்பியும் பார்த்து, எங்கும் இடிபடவில்லை என்று உறுதி செய்க. கண்ணாடியில் ஒட்டும் உறிஞ்சுபிடி வெயிலில் நெகிழ்ந்து காலடியில் விழும். விமானத்தின் மின்சாரம் 14 வோல்ட்டா 28 வோல்ட்டா என்று பாராமல் மோட்டார் வண்டிக்குரிய மின்னிணைப்பைச் செருகுதல் கூடாது.

வானொலியோடு தொடர்புள்ள சோதனை ஒன்றையும் சொல்வோம். செயற்கைக்கோள் அலை 1,575.42 மெகாஹெர்ட்ஸில் வருவது. நம்மை அடையும்போது மிக மிக நலிந்தது. விமானி பேசும் வானொலியில் 121.2 மெகாஹெர்ட்ஸைப் பதின்மூன்றால் பெருக்கினாலும், 131.3-ஐப் பன்னிரண்டால் பெருக்கினாலும் 1,575.6 வருகின்றது. பழைய வானொலிகள் இவ்வரிசைகளில் ஒலிபரப்பும்போது இப்பெருக்க அலைகளும் சிறிது கசியும். அச்சிறு கசிவே ஜி.பி.எஸ்.ஸைச் செவிடாக்கிவிடும். ஆகவே கருவியை வைத்தபின், தரையில் கட்டுப்பாட்டு நிலையத்தின் அனுமதியோடு இவ்வரிசைகளில் அரை நிமிடம் ஒலிபரப்பி, செயற்கைக்கோள்கள் மறைகின்றனவா என்று பார்த்தல் வேண்டும். மறைந்தால் உணரியின் இடத்தை மாற்றுக.

அலை இத்துணை நலிந்ததாதலின், அதனை அமுக்குவோர்க்கும் போலி அலையால் ஏமாற்றுவோர்க்கும் வேலை எளிது. 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை, பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு எல்லைப் பகுதிகளில், இவ்விதம் 465 நிகழ்ச்சிகள் பதிவானதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பஞ்சாபிலும் அண்டைப் பகுதிகளிலும் பறப்போர் காந்தத் திசைகாட்டியையும் காகிதப் படத்தையும் மடியை விட்டு அகற்றலாகாது. தரைநிலைய அலையை ஏற்கும் பழைய கருவி விமானத்தில் இருந்தால், இடத்துக்காக அதனைக் கழற்றி விற்றுவிட வேண்டாம். அதற்குக் கிடைக்கும் விலையும் அற்பமே.

கடைசியாக, வெளிநாட்டு உறவினர் மூலம் வாங்குவோர்க்கு ஒரு சொல். ஜி.பி.எஸ். அலையை ஏற்கும் கருவி வேறு. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பவும் வல்ல கருவி வேறு. பின்னதைக் காட்டிலும் மலையிலும் உதவும் என்று விற்பனையாளர் புகழ்வர். நம் நாட்டில் அதனை அரசின் அனுமதியின்றிக் கொண்டுவருதலும் வைத்திருத்தலும் குற்றம். விமான நிலையங்களில் இதன் பொருட்டுத் தடுத்து வைக்கப்பட்ட பயணிகள் உண்டு. இரண்டும் ஒரே பெட்டியில் சேர்ந்து வரும் கருவிகளும் விற்பனைக்கு வருகின்றன. பெட்டியின் மேலுள்ள விவரத்தை முழுதும் படித்து, அனுப்பும் ஆற்றல் உண்டென்றிருந்தால், தொலைத்தொடர்பு இலாகாவின் அனுமதியைப் பெற்ற பிறகே கொண்டுவரச் சொல்லுங்கள்.